14 மாதம் விரலால் தாங்கிய கண்ணாடி

போன வாரம் கண்ணாடியின் இடதுபக்க நோஸ் பேட், அதாவது மூக்கில் பதிகிற குட்டித் திண்டு, கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. கடுகளவு திருகு. அதைத் தரையில் தேடுவதற்கும் கண்ணாடி வேண்டும் என்பதுதான் வேடிக்கை. கிடைக்கவில்லை. வழியில் இருந்த ஒரு சின்னக் கடையில் கொடுத்து வேறு மாட்டிக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை. வெளியே வந்து போனை எடுத்துப் பார்த்தால் எழுத்து பளிச்சென்று நிற்கிறது. நான் முகவாயைத் தூக்கவில்லை, கண்ணாடியைத் தொடவும் இல்லை. 14 மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிற கண்ணாடி அன்றைக்குத்தான் ஒழுங்காக வேலை செய்தது.

அதே வாரம் கல்லூரித் தோழி ஒருத்தி கேட்டாள்: "நீ புரோகிரசிவ் தானே போட்டிருக்க? வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லு." மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று ஒரே லென்ஸில் பவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிற கண்ணாடிதான் புரோகிரசிவ். சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வார்த்தையில் அடங்குகிற கதை இல்லை இது.

எனக்கு 58 வயது. சிறு வயதிலிருந்தே தூரத்துக்கு மைனஸ். இப்போது இரண்டு கண்ணிலும் 2. நாற்பத்தைந்தை ஒட்டி வெள்ளெழுத்தும் சேர்ந்தது. எங்கள் அம்மா அதைச் சாளேசுரம் என்பார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகி, கிட்டத்தில் பார்க்கும்போது முன்போல உப்பிக்கொடுக்க மறுக்கிறது, அவ்வளவுதான். பத்து வருடம் சமாளித்தேன். அப்புறம் கணக்குப் புத்தகத்தில் 3-க்கும் 8-க்கும் சண்டை வந்தது. பரிசோதனையில் கிட்டத்துக்கு 2.25 கூட்டினார்கள். ஒரே கண்ணாடியில் எல்லாம் தெரியும் என்றார்கள், வாங்கிவிட்டேன்.

முதல் பத்து நாள் எல்லாருக்கும் ஆவதுதான் எனக்கும் ஆனது. தலையைத் திருப்பினால் கதவு நெளியும், தரை லேசாக மிதக்கும், கடைசிப் படி எங்கே முடிகிறது என்று காலால் தடவ வேண்டும். பழகும் என்றார்கள், பழகிவிட்டது. படி மட்டும் இன்றுவரை முழுசாகப் பழகவில்லை. கீழே பார்த்தால் கண் படிப்பதற்கான பகுதி வழியாகப் போகிறது, படியோ அதைவிடத் தள்ளி இருக்கிறது, மங்காமல் என்ன செய்யும்? முகவாயை நெஞ்சோடு சேர்த்து, மேல்பகுதி வழியாகப் பார்த்து இறங்குகிறேன். வயதானவர்கள் வெளியே நடப்பதற்குத் தூரப் பவர் மட்டும் உள்ள கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்று கண் மருத்துவர்கள் சொல்வதுண்டு. வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

பக்கவாட்டு நெளிவுக்கு நான் யாரையும் திட்ட மாட்டேன். அது கணக்கின் கோளாறு. கீழே போகப் போகப் பவர் கூடுகிற ஒரு பரப்பைச் செதுக்கினால், அது எந்த வேகத்தில் கூடுகிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் இரண்டு ஓரத்திலும் கோணல் ஏறும். மின்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் 1963-இல் நிறுவியது இது. விலை கூடிய லென்ஸில் அந்தக் கோணலை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பரப்பிவைக்கலாம், துடைத்தெறிய முடியாது. "ஓரம் முழுக்கத் தெளிவு" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

என் ஆத்திரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால்தான். திரை என்னிடமிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தெளிவாகப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டும். கீழே ரசீது, மேலே திரை, மறுபடி ரசீது. கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று மகள் சிரித்தாள். இல்லையென்றால் ஆள்காட்டி விரலை மூக்குப் பாலத்துக்கு அடியில் கொடுத்து ஃபிரேமை மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பளிச்சென்று தெரியும், விட்டால் போச்சு. ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கி, மறு கையால் தட்டச்சு செய்து ஒரு வருடக் கணக்கை முடித்திருக்கிறேன். "அம்மா, மறுபடியும் விரலா?" என்பது வீட்டில் வாடிக்கையாகிவிட்டது. கழுத்துவலிக்கு இரண்டு தலையணை மாற்றினேன். நாற்காலியை உயர்த்தினேன், திரையைத் தாழ்த்தினேன்.

வாங்கிய கடைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, "பழகிடும் மேடம்." இரண்டாவது முறை, "வயசாகுதில்ல மேடம், முன்ன மாதிரி இருக்காது." இதில் எனக்குக் கோபம் என்னவென்றால், நான் அதை நம்பினேன். இந்த வயதில் எதற்குமே அதுதான் முதல் பதில், அதனால் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றுவதே இல்லை. வலது கண்ணில் புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எல்லாப் பழியையும் அந்தப் புரைமேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

சின்னக் கடைக்காரர் நோஸ் பேட் மாட்டியதும் கொடுத்துவிடவில்லை. போட்டுப் பாருங்கள் என்றார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கண்ணை என் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, "அம்மா, நேரா என்னைப் பாருங்க" என்றார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துச் சாய்த்து எதையோ தேடினார். பிறகு மார்க்கரால் லென்ஸ்மேல் இரண்டு பொட்டு வைத்தார். மறுபடி மாட்டிப் பார்த்து, "இது இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழ இருக்கே, எப்படி இத்தனை நாள் படிச்சீங்க?" என்று கேட்டார். விரலால் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் தேடியது என்ன என்பதை வீட்டுக்கு வந்து நானே பார்த்தேன். லென்ஸ்மேல் வாயால் ஊதினால், ஆவி படிந்து விலகுகிற அந்த ஒரு நொடியில், இரண்டு பக்கமும் பொடி வட்டம் ஒவ்வொன்று தெரியும். இரண்டுக்கும் இடையே 34 மில்லிமீட்டர். ஒன்றின் கீழே, கூட்டிய பவரான 225. ஆவி போனதும் மறைந்துவிடும். புரோகிரசிவ் லென்ஸில் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத குறி பொறித்திருப்பார்கள். லென்ஸ் முகத்தில் சரியான உயரத்தில் நிற்கிறதா என்பதை அதை வைத்துத்தான் சரிபார்ப்பது. இந்த வட்டங்களை ஊதி ஊதிப் பார்த்து அரை மணி நேரம் போக்கினேன். 14 மாதமாக மூக்கின்மேல் இருந்த பொருளுக்குள் இப்படி ஒரு ரகசியம்!

என்னுடையது 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் தூரத்திலிருந்து கிட்டத்துக்குப் பவர் ஏறுகிற பாதையே என் லென்ஸில் 14 மில்லிமீட்டர்தான். அதில் 3 போனால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். திரைக்கான பகுதி அந்தப் பாதையின் நடுவே ஒரு குறுகிய சந்து. அதைத்தான் நான் கழுத்தை வளைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பழைய காட்சி ஒன்று ஞாபகம் வந்தது. வாங்கிய கடையில் அளவெடுத்த பையன் ஃபிரேமை என் மூக்கின்மேல் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பொட்டு வைத்தான். விரலை எடுத்தான், ஃபிரேம் சரிந்தது, லென்ஸ் அந்தப் பொட்டின்படி வந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் விரல் செய்த வேலையை என் விரல் செய்திருக்கிறது! சின்னக் கடைக்காரர் செய்ததெல்லாம் இரண்டு நோஸ் பேடையும் கொஞ்சம் நெருக்கி வளைத்ததுதான். ஃபிரேம் மேலே ஏறிவிட்டது.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? உண்மையைச் சொன்னால் அருமையாக இருக்கிறது. ரசீது, திரை, வாசலில் நிற்பவர் முகம், மூன்றும் கழற்றாமல் தெரிகிறது. அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக இரண்டு பவர் கொண்ட பைஃபோகல் பற்றி 1785-இல் எழுதிய கடிதத்தில், தட்டில் இருப்பதும் எதிரே பேசுபவர் முகமும் ஒன்றாகத் தெரிவதால் பிரெஞ்சு நன்றாகப் புரிகிறது என்கிறார். அப்போது அவருக்கு 79 வயது. வாயசைவு தெரிந்தால் காதும் கேட்கும் என்று அந்த வயதில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது கூட்டங்களில் அதே சௌகரியம். கூடவே மேசை விளக்கையும் மாற்றினேன். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். விளக்கு மாற்றியதில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் தோழிக்கு நான் அனுப்பிய ஒரு வார்த்தை "வாங்காதே."

அவளுக்கும் என்னைப்போலவே மைனஸ் 2. அதில் 2.25 கூட்டினால் மிச்சம் 0.25. அதாவது லென்ஸின் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. கழற்றிவிட்டால் அதே தெளிவு, அகலம் முழுக்க, ஓர நெளிவே இல்லாமல். இரவில் படுத்துக்கொண்டு படிக்கும்போது நான் செய்வதும் அதுதான். தூரத்துக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, படிக்க ஒன்றுமே வேண்டாம். இந்தக் கணக்கை வாங்குமுன் போடாதது என் தப்பு, கடையின் தப்பு இல்லை. இல்லை, கொஞ்சம் கடையின் தப்பும்தான்.

"அப்ப உன்னோடதைத் தூக்கிப் போட்டுடுவியா?" என்று பதில் வந்தது. அதைப் படித்துக்கொண்டே, நேரமாயிற்றா என்று சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். விரல் தானாக மூக்குக்குப் போய் ஃபிரேமை ஏற்றியது. முள் இரண்டும் மங்கிப்போயின. விரலை எடுத்தேன். மணி ஆறே கால்.