வேபேக் மெஷின்: இணையச் செய்தியாளருக்குக் கைகொடுக்குமா?

வேலூர், காட்பாடி பக்கம் ரீல்ஸ், யூடியூப், வாட்ஸ்அப் வதந்தி என்று எழுதும் நிருபருக்கு முதல் தலைவலி, அழிந்துபோகும் லிங்க். 2020 ஜூனில் டிக்டாக் தடையானதும், செய்திகளில் ஒட்டியிருந்த அதன் வீடியோக்கள் இங்கே திறக்காமல் போயின. அதற்கு நல்ல துணை, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பக அமைப்பு 2001 முதல் இலவசமாகத் தரும் வேபேக் மெஷின். இணையப் பக்கத்தின் நகலைத் தேதி, நேரத்தோடு சேமித்துவைக்கும் தளம் இது.

முகவரியை ஒட்டி 'சேவ் பேஜ்' அழுத்தினால் போதும். கணக்கு தொடங்கி உள்ளே போனால், அதற்கான தேர்வை டிக் செய்து ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்தே பதிவு செய்யலாம். ஒரு பக்கம் எந்தெந்த நாளில் சேமிக்கப்பட்டது என்று காட்டும் காலண்டரில் நீல வட்டம் என்றால் பக்கம் சரியாகப் பதிவாகியிருக்கிறது. ஆரஞ்சு என்றால் பக்கம் கிடைக்கவில்லை, சிவப்பு என்றால் சர்வர் கோளாறு.

பலர் சறுக்குவது நேரத்தில்தான். சேமித்த பக்கத்தின் லிங்கில் இருக்கும் 14 இலக்கம் ஆண்டில் தொடங்கி வினாடி வரை போகும், ஆனால் அது கிரீன்விச் நேரம். 5:30 மணி கூட்டாவிட்டால், இங்கே அதிகாலை 3 மணிக்குச் சேமித்தது முந்தைய நாள் தேதியில் நிற்கும். பாலாற்று வெள்ள வீடியோவை முதலில் போட்டது யார் என்று எழுதும்போது இது பெரிய பிழை.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் இதை நம்பவே கூடாது. பெரும்பாலும் லாகின் பக்கம்தான் பதிவாகும், வீடியோவும் ஓடாது. அவற்றுக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். கணக்கின் பெயரும் பதிவின் தேதியும் ஒரே ஃபிரேமில் தெரியட்டும். சேமித்த லிங்கை உடனே வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். வெற்றுப் பக்கம் பதிவாகியிருந்தால் மூலப் பதிவு அழிவதற்குள் மறுபடி எடுத்துவிடலாம்.