ஆன்வர்ட் டிக்கெட்டோடு இரண்டு வருடம்

மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்ட பிறகு, 2023 டிசம்பரிலிருந்து நானும் என் மனைவியும் வருடத்தில் நான்கைந்து மாதம் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று தங்கி வருகிறோம். பெங்களூரா மாங்காய் இறங்கும் நேரத்துக்குக் காவேரிப்பட்டணம் திரும்பிவிடுவோம். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா இல்லாமல் அனுமதித்ததுதான் எங்களைக் கிளப்பிவிட்டது. எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றுதான் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அந்த நாட்டிலிருந்து எப்படி வெளியே போவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் கேள்வியே அதுதான் என்பது விமான நிலையத்தில்தான் தெரிந்தது.

முதல் பயணத்தில் கோலாலம்பூருக்கு ஒருவழி டிக்கெட் மட்டும் எடுத்திருந்தோம். அடுத்து எங்கே என்பதை அங்கே போய் முடிவு செய்யலாம் என்று எண்ணம். அந்த நாட்டை விட்டு வெளியே போவதற்கான டிக்கெட்டை, அதாவது ஆன்வர்ட் டிக்கெட்டைக் கேட்பார்கள் என்று கடைசி நேரத்தில் படித்துவிட்டு, 48 மணி நேரத்துக்கு முன்பதிவை வாடகைக்குத் தரும் ஒரு சேவையில் பணம் கட்டினேன். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, வாயு வஜ்ரா என்ற ஏர்போர்ட் பஸ் பிடித்து தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் போய்ச் சேர்ந்தால் விமானம் ஆறு மணி நேரம் தாமதம். கவுன்ட்டர் திறந்தபோது அந்த 48 மணி நேரம் முடிந்துவிட்டது. "சார், இந்த பிஎன்ஆர் கேன்சல் ஆகியிருக்கு" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். மனைவியின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. ஓரமாக நின்று, கோலாலம்பூரிலிருந்து தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு இரண்டு டிக்கெட் போனிலேயே எடுத்துக் காட்டிய பிறகுதான் போர்டிங் பாஸ் கைக்கு வந்தது.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. நம்மை ஒரு நாடு உள்ளே விடாவிட்டால், கொண்டுவந்த விமான நிறுவனமே திருப்பி அழைத்துப் போக வேண்டும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் கவுன்ட்டரில் இருப்பவர்கள் விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான ஐயாட்டாவின் டிமாட்டிக் என்ற விதித் தொகுப்பில் நம் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பார்த்து, அதில் உள்ளபடி கேட்கிறார்கள். தாய்லாந்தில் இறங்கியபோது குடிநுழைவு அதிகாரி எங்களிடம் எதையும் கேட்காமல் முத்திரை குத்தினார். ஆனால் அவர்வரை போய்ச் சேருவதற்கே கவுன்ட்டர் மனசு வைக்க வேண்டும்.

ஆன்வர்ட் டிக்கெட் காட்ட இதுவரை மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். வாடகை முன்பதிவை அதற்குப் பிறகு தொடவில்லை. முழுப்பணமும் திரும்பும் டிக்கெட் நல்லதுதான், ஆனால் பணம் கார்டுக்கு வர வாரக்கணக்கில் ஆனது. இரண்டு பேருக்கு என்றால் அது பெரிய தொகை. பக்கத்து நாட்டுக்கு உள்ளதிலேயே மலிவான நிஜ டிக்கெட்டை வாங்கிவிடுவதுதான் இப்போது எங்கள் வழக்கம். போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அதை விசாச் செலவு மாதிரி கணக்கில் எழுதிக்கொள்கிறோம். ஒருமுறை ஹாட்யாயிலிருந்து மலேசியாவின் பினாங்குக்கு பஸ் டிக்கெட் காட்டினேன், ஏற்கவில்லை. அதிலிருந்து விமான டிக்கெட் மட்டும்தான். பழைய டிக்கெட்டில் தேதியை மாற்றி அச்சடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிஎன்ஆரைத் தட்டினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி பெயர். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. மனைவியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் என் பெயர். டிக்கெட் தளமோ சர்நேம் இல்லாமல் நகராது. ஒரு நிறுவனம் என் பெயரையே இரண்டு தடவை போடச் சொன்னது, இன்னொன்று வேறு மாதிரி. போகும் டிக்கெட்டில் ஒரு விதம், ஆன்வர்ட் டிக்கெட்டில் ஒரு விதம் என்று ஆகி, இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டார்கள். இப்போது அந்தந்த நிறுவனத்தின் விதியை முன்பே பார்த்து, அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். துபாய்க்குள் போக நினைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் இருந்தால் ஏற்பார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் இறங்கிய நாளே முதல் நாள். 30 நாள் அனுமதி என்றால், டிசம்பர் 10 இறங்கினால் அது ஜனவரி 8 அன்று முடிகிறது, 9 அன்று இல்லை. ஆன்வர்ட் டிக்கெட்டின் தேதி இதற்குள் இருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினால் 500 பாட் அபராதம். வியட்நாம் இ-விசா 90 நாள்வரை கிடைக்கும், ஆனால் அதில் உள்ள தொடக்கத் தேதிக்கு முன்னால் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் பக்கம் வந்தால் உடனே மூடிவிடுங்கள்.

விதிகள் நாம் டிக்கெட் எடுத்த பிறகும் மாறும். தாய்லாந்து 2023 நவம்பரில் 30 நாள் கொடுத்தது, 2024 ஜூலையில் அதை 60 ஆக்கியது. அதனால் டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் ஒருமுறை என்று அந்த நாட்டு அரசின் பக்கத்தையே பார்க்கிறேன். அப்புறம், ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். வெளிநாட்டில் அவசரமாக டிக்கெட் எடுக்கும்போது வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும்.

போன முறை தாய்லாந்தின் சியாங் மாயில் மனைவிக்குக் காய்ச்சல். கிளம்ப முடியவில்லை. குடிநுழைவு அலுவலகத்தில் ஆளுக்கு 1,900 பாட் கட்டி இன்னும் 30 நாள் வாங்கினோம். கோலாலம்பூருக்கு எடுத்து வைத்திருந்த இரண்டு மலிவு டிக்கெட்டும் அப்படியே வீணாகின. அதற்காக நாங்கள் வருத்தப்படவில்லை.