முத்தியால்பேட்டை ஃப்ரிட்ஜும் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரும்

மூன்று வாரம் புதுச்சேரியில் இருந்துவிட்டு பாரிஸ் திரும்பியாயிற்று. பேங்க் வேலை, ஆதார், அப்பா திதி எல்லாம் ஒழுங்காக முடிந்தன, அதில் எழுத ஒன்றுமில்லை. அம்மாவின் ஃப்ரிட்ஜ்தான் என் லீவில் பதினோரு நாளைத் தின்றது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பது நாற்பது வயதிலும் போகாத பழக்கம். இந்தத் தடவை திறந்தால் புளித்த வாடை. இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, மேலே ஃப்ரீசரில் மட்டும் வஞ்சிரம் கல் மாதிரி இருக்கிறது. உள்ளே விசிறி எதிலோ உரசிக் கரகரக்கிறது. "ரெண்டு மாசமா இப்படித்தான். ஒரு நாள் ஆஃப் பண்ணி வெச்சா அஞ்சு நாள் நல்லா ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்" என்றாள் அம்மா. நடுவிலிருக்கும் பட்டனை அமுக்கினால் பனி உருகிவிடுமே, அந்தப் பழைய சிங்கிள் டோர் நினைப்பிலேயே இருந்துகொண்டு, பனியைத் தானே உருக்கிக்கொள்கிற இந்த டபுள் டோரில் கத்தியை வைத்து வேறு சுரண்டியிருக்கிறாள். குழாயில் ஓட்டை விழாதது முருகன் புண்ணியம்.

கம்பெனி ஹெல்ப்லைனில் தமிழுக்கு 2-ஐ அமுக்கினேன், இந்தியில் பேசினார்கள். 48 மணி நேரம் என்றார்கள், ஐந்தாம் நாள் ஒரு பையன் வந்தான். பின்பக்கம் கம்ப்ரசர் மேல் கை வைத்தான், ஃப்ரீசரை ஒரு தடவை எட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். "கேஸ் போயிடுச்சு சார், 3,800 ஆவும்." பேனலைக் கழற்றவே இல்லையே தம்பி என்றேன். அது எங்க வேலையில்ல என்பது போலப் பார்த்துவிட்டு, விசிட்டிங் சார்ஜ் 450 வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்த எரிச்சலில், பிரான்ஸில் 2022 டிசம்பரிலிருந்து ரிப்பேர் பில்லில் ஒரு தொகையைக் கழித்துத் தருகிற ஏற்பாடு இருக்கிறது, தெரியுமா என்று அம்மாவிடம் பிரசங்கம் ஆரம்பித்தேன். அங்கே ஆள் வருவதற்கே மூன்று வாரம் ஆகும் என்பதைச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைச் சொன்னாள். ஐம்பது தாண்டியவர், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார். ஃப்ரீசருக்குள்ளே நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பின் பேனலை எடுத்ததும், குளிர வைக்கிற காயில் (குழாய்ச் சுருள்) தெரியவேயில்லை, மெத்தைக்குப் பஞ்சு அடைத்த மாதிரி ஒரே வெள்ளை. "பார்த்தீங்களா சார், கேஸ் கம்மியா இருந்தா ஒரு ஓரத்துல மட்டும்தான் பனி புடிக்கும். இது முழுசா புடிச்சிருக்கு. கூலிங்ல கோளாறு இல்ல, உருக வைக்கிறதுலதான் கோளாறு." காற்று கீழே இறங்க வழியில்லாமல் பனி அடைத்துவிட்டது, அதனால்தான் மேலே மீன் கல், கீழே மாவு களேபரம்.

பனி உருக இரண்டு மணி நேரம். அம்மா பழைய லுங்கிகளைத் தரையில் பரப்பினாள், எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு மூட்டை உண்டு. அப்புறம் மெக்கானிக் மீட்டரை எடுத்து, பனியை உருக்குகிற ஹீட்டரின் மின்தடையைப் பார்த்தார், 320 ஓம், நன்றாக இருக்கிறது. காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று ஃப்ரிட்ஜின் கண்ட்ரோல் போர்டுக்குச் சொல்ல, அதில் கிளிப் போட்டு மாட்டியிருந்த சென்சாரைப் பிடுங்கினார், இரண்டு ஒயரும் முனையில் ஒரு குமிழும்தான். அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் இன்னும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "அம்மா, ஒரு டம்ளர் தண்ணி, நெறைய ஐஸ் போட்டு" என்று கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்து அம்மா எலுமிச்சம்பழத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஐஸும் தண்ணீரும் கலந்து கிடந்தால் பாரிஸானாலும் பாண்டியானாலும் அது 0 டிகிரிதான். பையிலிருந்த புது சென்சாரையும் பழையதையும் ஒன்றாக முக்கினார். குளிர் ஏற ஏற இந்த சென்சாரின் ஓம் அதிகமாக வேண்டும். புதியது ஐந்து நிமிடத்தில் 16 கிலோ ஓம் பக்கம் போய் நின்றது. பழையது 9-லேயே தள்ளாடியது. குமிழுக்குள் ஈரம் இறங்கிவிட்டது, 0 டிகிரியில் இருந்துகொண்டு 12 டிகிரி என்று போர்டுக்குப் பொய் சொல்கிறது. ஹீட்டர் போட்டதுமே "பனியெல்லாம் உருகியாச்சு" என்று நம்பி போர்டு நிறுத்திவிடுகிறது. இரண்டு மாதம் இந்த வீட்டைப் புளிக்க வைத்தது ஒரு புளியங்கொட்டை அளவு குமிழ்!

சென்சார் 350, கூலி 500. பில் கேட்டேன், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். போகும்போது, தண்ணீர் வடிகிற ஓட்டையில் மாதம் ஒரு தடவை வெந்நீர் ஊற்றச் சொன்னார். கத்தியை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீங்கம்மா என்று அவர் சொன்னபோது அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறமும் அம்மா ஒரு வாரம் மாவைப் பக்கத்து வீட்டில்தான் வைத்திருந்தாள். நான் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி தண்ணீர் எடுக்கத் திறந்தபோது, மாவுத் தூக்கு கீழ்த்தட்டில் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. கம்பெனியிலிருந்து மட்டும் இன்னும் தினமும் காலையில் எனக்கு மெசேஜ் வருகிறது, டெக்னீஷியன் நாளை வருவாராம்.