லேபிள் அடிக்க ஒரிஜினல் இங்க்கா, லோக்கல் இங்க்கா?

கோத்தகிரியில் வீட்டிலேயே தேயிலைத் தூள் பாக்கெட் போட்டு கடைகளுக்குக் கொடுக்கிறோம். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை, அதனால் காகிதக் கவர், காகித லேபிள். பிரிண்டர் கேனான் ஜி2010, பாட்டில் இங்க்கை டேங்க்கில் ஊற்றும் வகை. கம்பெனி இங்க், அதில் பாதி விலைகூட இல்லாத லோக்கல் இங்க், இரண்டையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன்.

விலையில் லோக்கல்தான் ஜெயிக்கும். அடித்த அன்றைக்கு நிறத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பிரச்சினை ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மதியமே மூடுபனி கடைக்குள் வந்து நிற்கும். ஈரக் கையால் தொட்ட பாக்கெட்டிலெல்லாம் பேக்கிங் தேதியும் விலையும் ஊதாக் கறையாக ஓடிவிட்டது. "தேதியே தெரியலையேண்ணா, எப்படி விக்கிறது" என்று கடைக்காரர் நாற்பது பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். லோக்கல் கறுப்பில் அடித்தவை அவை.

டை இங்க் என்பது தண்ணீரில் கரைந்த சாயம், காய்ந்த பிறகும் நனைந்தால் ஓடும். பிக்மென்ட் இங்க்கில் நிறம் நுண்துகளாக இருப்பதால் தாளின் மேல் படிந்து நின்றுவிடும். ஜி2010-க்கு வரும் கம்பெனி இங்க்கான ஜிஐ-790-இல் கறுப்பு பிக்மென்ட் வகை. நான் வாங்கிய லோக்கல் கறுப்பு டை வகை, ஆனால் டை என்று பாட்டிலில் குறிப்பிடவே இல்லை. கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு தாள் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, எழுத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, பேப்பர் செட்டிங் பிளெய்ன் பேப்பரில் இருக்கட்டும். போட்டோ பேப்பர் என்று வைத்தால் கறுப்பு எழுத்தையும் கலர் இங்க்குகளைக் கலந்தே அடிக்கும், அவை டை என்பதால் அப்புறம் ஒரிஜினல் ஊற்றியும் பலனில்லை.

செலவுக் கணக்கு பயப்படும்படி இல்லை. 135 மில்லி கறுப்பு பாட்டிலுக்கு 6000 பக்கம் என்பது கம்பெனிக் கணக்கு. லேபிளில் எழுத்து நெருக்கம், 3000தான் வரும் என்றும் பாட்டில் 600 ரூபாய் என்றும் வையுங்கள், தாளுக்கு 20 பைசா. ஒரு தாளில் 12 லேபிள் என்றால் ஒன்றுக்கு இரண்டு பைசாகூட ஆகவில்லை.

லோக்கல் இங்க் பிரிண்டர் ஹெட்டை, அதாவது இங்க் தெளிக்கும் பாகத்தை, அடைக்கும் என்பார்கள். ஆறு மாதம்தான் ஓட்டினேன், எனக்கு அடைக்கவில்லை, அதனால் அதை ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன்.

ஒரிஜினலிலும் மற்ற மூன்று நிறங்கள் டைதான், நனைந்தால் அவையும் ஓடும். அதனால் கறுப்பு மட்டும் கம்பெனி பாட்டில், கலர் மூன்றும் லோக்கல் என்று வைத்துக்கொண்டேன். தேயிலை இலைப் படம் கொஞ்சம் கலங்கினாலும் பரவாயில்லை, தேதியும் விலையும் நிற்கிறது.