நாசாவோட ஸ்பேஸ் பிளேஸ் சைட்: ஆறு மாசமா எங்க வீட்ல ஓடுது, அத பத்தி

பெரியவ அஞ்சாங்கிளாஸ், சின்னவன் யூகேஜி. கோடை லீவுல ஒரு நாள் பெரியவ கையில போன கொடுத்துட்டு சமையக்கட்டுல இருந்தேன். ஏதோ ஒரு ஃப்ரீ கேம் சைட், கணக்கு கேம்னுதான் போட்டிருந்துச்சு, நடுவுல விளம்பரம் வந்து அத மூட இவ இன்ட்டு மார்க்க தேடி அமுக்கினா அது வேற எங்கயோ கூட்டிட்டுப் போயி பேரு, வயசு, போன் நம்பர் எல்லாம் கேட்டிருக்கு. "அம்மா, இத அடிக்கவா?"ன்னு வந்து நின்னா. கேக்காம அடிச்சிருந்தான்னு நெனச்சு அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல. அதுக்கப்புறம்தான் கவர்மென்ட் நடத்துற குழந்தைங்க சைட்டா தேடித் தேடிப் பாத்தேன், அதுல எங்க வீட்ல நிலைச்சது இதுதான்.

ஸ்பேஸ் பிளேஸ் விண்வெளி பத்தி குழந்தைங்களுக்காக நாசா 1998ல ஆரம்பிச்ச சைட். லாகின் கிடையாது, பேரு கேக்காது, விளம்பரம் ஒண்ணு கூட இல்ல, காசு கட்டினாதான் அடுத்த லெவல்னு நிறுத்தாது. இதெல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா பட்டது வேற. ஒரு பக்கம் படிச்சா அதோட முடிஞ்சுது. கீழ நாலு தலைப்பு இருக்கும், வேணும்னா தொடலாம், ஆனா தானா எதுவும் ஓட ஆரம்பிக்காது. வீடியோ ஆப் பாத்துட்டு இருக்கும்போது போன வாங்கினா வீடே ரெண்டாகும், இதுல அவளா எந்திரிச்சு வந்து படிச்சத என்கிட்ட சொல்றா.

எழுதியிருக்கற விதமும் நல்லா இருக்கு. வானம் ஏன் நீலமா இருக்கு, கருந்துளைன்னா என்ன, இப்படி கேள்விதான் தலைப்பே. மேல ஒரு கட்டத்துல ரெண்டு மூணு வரியில சுருக்கமா பதில், அதுக்குக் கீழ படத்தோட விளக்கம். பொறுமை இல்லாத புள்ளைக்கு அந்தக் கட்டமே போதும், ஆசை வந்தா கீழ போகும்.

ஒவ்வொரு கோள்லயும் ஒரு நாள், அதாவது அது தன்னைத்தானே ஒரு தடவை சுத்த, எவ்ளோ நேரம்னு ஒரு பக்கம் இருக்கு, வியாழன்ல 10 மணி நேரம், வெள்ளியில 5,832 மணி நேரம். அத 24ஆல வகுத்துப் பாருன்னேன், நோட்டு எடுத்துப் போட்டா, 243 நாள் வந்துச்சு. "அப்போ வெள்ளியில ஒரு நாள் ஸ்கூல் லீவு விட்டா இங்க எட்டு மாசம்மா!"ன்னு துள்ளுறா. வெள்ளி சூரியன சுத்தி வரவே 225 நாள்தான், அங்க ஒரு நாளே ஒரு வருஷத்த விட பெருசுன்னு சொன்னதும் அப்படியே வாயப் பொளந்து நின்னா, அந்த மூஞ்சிய நான் மறக்கவே மாட்டேன்.

செஞ்சு பாக்கற பகுதியில உருளைக்கிழங்க மசிச்சு சிறுகோள் பண்றது ஒண்ணு இருக்கு. அவங்க ஓவன்ல வைக்கச் சொல்றாங்க, எங்க வீட்ல ஓவன் இல்ல, தோசைக்கல்லுல எண்ணெய் விட்டு திருப்பித் திருப்பி எடுத்தோம். சின்னவன் விரலால குழி குழியா குத்தினான். சிறுகோள் ஏன் பந்து மாதிரி உருண்டையா இல்லாம கோணல்மாணலா இருக்கு? அதோட ஈர்ப்பு விசை ரொம்ப கம்மி, உருண்டையா இழுத்துப் பிடிக்கற அளவு பலம் இல்ல. இத புத்தகத்துல படிச்சா மறந்துரும், கையில பிசைஞ்ச யூகேஜி பையன் இன்னும் சொல்றான்.

கேம்ல செவ்வாய் ரோவர் கேம எடுத்துக் குடுங்க. ரோவர்னா செவ்வாய்ல ஓடற ஆளில்லாத வண்டி, அது எப்படிப் போகணும்னு கட்டளைய வரிசையா அடுக்கி அனுப்பணும், கோடிங்கோட ஆரம்பப் பாடம் மாதிரி. நிஜத்துலயும் அப்படித்தானே, பூமியில இருந்து போற சிக்னல் செவ்வாய்க்குப் போய்ச் சேரவே தூரத்தப் பொறுத்து சுமார் 3 நிமிஷத்துல இருந்து 22 நிமிஷம் வரைக்கும் ஆகும், ஸ்டியரிங் பிடிச்சு ஓட்ட முடியாது. இத நான் சொன்னப்புறம் அவ அவசரமே படல, யோசிச்சு அடுக்குறா.

குறைன்னா முதல்ல மொழி. இங்கிலீஷும் ஸ்பானிஷும் மட்டும்தான், தமிழ் மீடியம் புள்ளைங்க தனியா உக்காந்து படிக்கறது கஷ்டம், பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தே ஆகணும். நான் முன்னாடியே படிச்சு வெச்சுட்டு ராத்திரி சாப்பிடும்போது தமிழ்ல சொல்றேன், நான் ஆஸ்டிராய்டுன்னா அவ "சிறுகோள்மா"ங்கறா, அட்மாஸ்பியர்னா "வளிமண்டலம்"ங்கறா, எல்லாம் அவ பாடப்புத்தகத்துல படிச்ச வார்த்தை. அப்புறம் தூரம் பல இடத்துல மைல் கணக்கு, 1.6ஆல பெருக்கிக்கணும். அமெரிக்க நிறுவனத்தோட சைட்ங்கறதால கதையும் அவங்க விண்கலத்த சுத்திதான். சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 அன்னைக்கு நிலாவோட தென்துருவம் பக்கத்துல இறங்கினதெல்லாம் நாமதான் உக்கார வெச்சு சொல்லணும், நான் சொல்லிட்டேன்.

தமிழ்லயே வேணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்துல மழலைக்கல்வி பகுதி இருக்கு, பாட்டு, கதை, எழுத்து, எண்ணுன்னு சின்னவனுக்கு சரியா இருக்கு. 2001ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது. பாடம்னா திக்‌ஷா, ஸ்கூல் புத்தகத்துல இருக்கற கியூஆர் கோட அந்த ஆப்ல ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்துக்கான வீடியோவே வந்துரும், தனியா தேட வேண்டியதில்ல. பரீட்சை நேரத்துல இத விட வேற வேணாம்.

ஒரு விஷயம் எல்லா அப்பா அம்மாவும் கவனிக்கணும். அட்ரஸ் எப்படி முடியுதுன்னு பாருங்க. டாட் ஜிஓவின்னு முடிஞ்சா அது அமெரிக்காவுல அரசாங்க அமைப்புகளுக்கு மட்டும் குடுக்கறது, நம்ம ஊர்ல டாட் ஜிஓவி டாட் இன், டாட் என்ஐசி டாட் இன். பேருல கவர்மென்ட்னு எழுதி படத்துல சிங்க முத்திரை போட்டா நம்பிராதீங்க. அதுக்காக அப்படி முடியாததெல்லாம் போலின்னும் இல்ல, தமிழ் இணையக் கல்விக்கழகம் அரசாங்கத்தோடதுதான் ஆனா டாட் ஆர்க்னுதான் முடியும், அத மாதிரி உள்ளத விசாரிச்சுக்கோங்க. கூகுள்ல தேடாதீங்க, மேல விளம்பரமா வேற ஏதாவது வந்து நிக்கும், அட்ரஸ (ஸ்பேஸ் பிளேஸுக்கு spaceplace.nasa.gov) நேரா அடிச்சு புக்மார்க் பண்ணிடுங்க. நம்ம நாட்டு 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ உள்ள எல்லாருமே குழந்தைதான், அவங்க விவரத்த வாங்க அப்பா அம்மா சம்மதம் வேணும்னு இருக்கு. அதனால புள்ள பேரு நம்பர் கேக்கற எந்த சைட்டா இருந்தாலும் ஏன் கேக்கறன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு, சும்மா அடிச்சுக் குடுக்காதீங்க.

எட்டு வயசுல இருந்து பன்னெண்டு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு ஸ்பேஸ் பிளேஸ் சரியா இருக்கும்னு நெனக்கறேன், அதுக்குக் கீழன்னா செய்முறை மட்டும் கூட சேர்ந்து பண்ணுங்க. படிக்க போன் போதும், கேமுக்கு திரை சின்னதா இருக்கு, லேப்டாப்போ டேப்லட்டோ இருந்தா வசதி. இந்த வாரம் நட்சத்திரம் ஏன் மினுக்குதுன்னு கேட்டு வெச்சிருக்கா, ஞாயித்துக்கிழமை கரண்ட் போனாலும் போகலன்னாலும் மொட்டமாடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து படிக்கறதா முடிவு பண்ணியிருக்கோம்.