அல்கட்ராஸ் சீட்டுக்கட்டுகள்: ஆட ஒன்று, பாதுகாக்க ஒன்று

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் உள்ள அல்கட்ராஸ் தீவுச் சிறையைப் பார்த்துவிட்டு வந்த என் மைத்துனர், நினைவுப் பொருளாக இரண்டு சீட்டுக்கட்டுகளைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தார். ஒன்று பிளாஸ்டிக் சீட்டு. முதுகுப்புறத்தில் தீவின் ஒரே படமும், முகப்பில் வழக்கமான இஸ்பேடும் கிளாவரும் இருக்கின்றன. மற்றது காகிதச் சீட்டு. 52 சீட்டுகளின் முகப்பிலும் 52 வெவ்வேறு புகைப்படங்கள்.

ரம்மி ஆடுவதற்குப் பிளாஸ்டிக் கட்டே தகுந்தது. படக்கட்டில் எண்ணும் குறியும் மூலையில் சிறிதாக ஒதுங்கியிருக்கின்றன. மாலை வெளிச்சத்தில் தார்சாவில் அமர்ந்து பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடிக்கும்போது, இஸ்பேடு எது, கிளாவர் எது என்று கண்களை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதச் சீட்டு ஈரத்தை இழுத்து வளைந்துவிடுகிறது. பிளாஸ்டிக் சீட்டை ஈரத்துணியால் துடைத்து மீண்டும் ஆடலாம்.

ஆயினும் சேகரிப்பவர் தேட வேண்டியது படக்கட்டைத்தான். 1934 முதல் 1963 வரை கூட்டாட்சிச் சிறையாக இருந்த அந்தத் தீவின் கதை அதில் தொடர்ச்சியாக விரிகிறது. 1962 ஜூனில் ஃபிராங்க் மோரிஸும் ஆங்லின் சகோதரர்கள் இருவரும் தப்பிய நிகழ்வுக்கே சில சீட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன: ஒரு சீட்டில் அறைச் சுவரில் அகலப்படுத்தப்பட்ட காற்றுத் துளை; அடுத்த சீட்டில், காவலரை ஏமாற்றுவதற்காக, சிறை முடிதிருத்தகத்தில் சேர்த்த உண்மையான முடியை ஒட்டிப் படுக்கையில் வைத்த பொம்மைத் தலை. மழைக்கோட்டுகளை இணைத்துச் செய்த தெப்பத்தில் சென்ற அம்மூவரும் பிடிபடவே இல்லை. சிறை மூடப்பட்ட பின், 1969 நவம்பர் முதல் 1971 ஜூன் வரை அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் அத்தீவில் தங்கி உரிமை கோரிய போராட்டத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. அந்த ஒன்றுக்காகவே இக்கட்டை நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. 85-ஆம் எண் கைதியான அல் கபோனை இஸ்பேடு ராஜாவாக அமர்த்தியிருக்கிறார்கள். 1908-இல் வ.உ.சிதம்பரனார் அடைக்கப்பட்ட சிறை உள்ள ஊரில் வாழ்பவனுக்கு, சிறை என்றவுடன் கொள்ளைக் கூட்டத் தலைவனுக்கு முடி சூட்டுவது ஒப்பவில்லை. பூர்வகுடிப் போராட்டத்தின் படம் எண் சீட்டோடு நின்றுவிட்டதே என்ற வருத்தமும் இருக்கிறது.

வாங்குவோர் ஜோக்கர்கள் உட்பட எல்லாச் சீட்டுகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். படக்கட்டை ரப்பர் வளையத்தால் கட்டிவைக்கக் கூடாது. நம் வெயிலில் அது இளகி விளிம்பில் கறையாகப் பதிந்துவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன், இறுக மூடும் டப்பாவில் வைப்பது நல்லது. உறை பிரிக்காத கட்டுக்குத்தான் மதிப்பு என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்க்க வேறு வழியில்லாததால், நான் பிரித்துவிட்டேன்.