மணிமுத்தாறு சாலையில் ஒரு வானம் பார்க்கும் ராத்திரி

அம்பாசமுத்திரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை எனக்கு. பதினொரு வருடமாக இதே வேலைதான். அதனால் ஒரு கருவியில் கண் வைத்தால் காட்சி எப்படி இருக்கிறது என்பதை முதலில் கவனிப்பேன், காட்டுகிறவர் எப்படிக் காட்டுகிறார் என்பதை அதைவிடக் கவனிப்பேன். 2026 காணும் பொங்கல் அன்றைக்கு, மறுநாள் தை அமாவாசை, மணிமுத்தாறு போகிற வழியில் ஒரு சிற்றூர்ப் பள்ளி மைதானத்தில் பொதுமக்களுக்கு வானம் காட்டுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து ஒரு வருடம் ஆகிறது.

நடத்தியவர்கள் சில பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும். கட்டணம் கிடையாது. பேர் பதிந்தால் போதும். நாள் தேர்விலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஏனென்றால் இரண்டு வருடம் முன்னால் ஒரு மலை ஊர் விடுதியில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, பௌர்ணமிக்கு முதல் நாள் நட்சத்திரம் காட்டினார்கள். நிலா வெளிச்சத்தில் வானமே வெளுத்துக் கிடந்தது. ஆளுக்கு ஐந்து நொடி, அடுத்தவர் வாங்க என்று தோளைத் தொட்டு நகர்த்தினார்கள். பார்த்தது என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இங்கே நிலவே இல்லாத ராத்திரி. அதுதான் முதல் சரி.

ஆறரைக்கே வரச் சொன்னார்கள். மைதான வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டு வருகிறவர்களின் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டு போட்டு மாட்டிவிட்டாள். போனை உள்ளே வைக்கச் சொன்னாள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னாள். மைதான ஓரத்தில் ஒரு எல்.இ.டி. தெருவிளக்கு இருந்தது. அணைக்க முடியவில்லை போல. ஏணி போட்டு ஏறி, மைதானத்தைப் பார்த்த பக்கத்தை உரச்சாக்கு கட்டி மறைத்திருந்தார்கள். ரோட்டில் போகிறவர்களுக்கு வெளிச்சம் போய்ச் சேர்ந்தது, எங்களுக்கு இருட்டு கிடைத்தது.

மூன்று தொலைநோக்கிகள். இரண்டு சின்னவை. நடுவில் நின்றது எட்டு அங்குல டாப்சோனியன். பிளைவுட் பெட்டிமேல் ஒரு பீரங்கிக் குழாய் மாதிரி இருக்கும், கையாலேயே தள்ளித் திருப்பலாம். அடியில் ஒரு குழி ஆடி, அவ்வளவுதான் சங்கதி. நம் கண்பாவை நல்ல இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். இந்த ஆடியின் அகலம் 200 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் வெறும் கண் வாங்குவதைப் போல 800 மடங்கு வெளிச்சம். அதைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி கண்ணாடி போட்ட ஒருவரிடம் சொன்னதைக் கேட்டபோதுதான் இவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று புரிந்தது. "கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும்னா கண்ணாடியைக் கழற்றிட்டுப் பாருங்க, இந்தத் திருகைத் திருப்பினா சரியாயிரும். சிலிண்டர் பவர் இருந்தா போட்டுக்கிட்டே பாருங்க." சிலிண்டர் பவர் என்றால் கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததற்குக் கொடுக்கிற பவர், அதைத் திருகு சரிசெய்யாது. இதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க முடியாது. அந்த விடுதியில் எல்லாரையும் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள்.

முதலில் சனி, மேற்கே. எனக்கு முன்னால் நின்ற சின்னப் பையன் பார்த்துவிட்டு, "வளையத்தைக் காணுமே" என்று முகம் வாடினான். உண்மைதான். ஒரு உருண்டையில் ஊசி குத்தினது மாதிரி ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் தெரிந்தது. இன்னொருவராக இருந்தால் அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருப்பார். அந்தத் தம்பி சுண்டல் வைத்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து முதலில் சாய்த்துக் காட்டினான், பிறகு விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தான். "2025 மார்ச்சில நாம அந்த வளையத்துக்கு நேர் விளிம்புல வந்துட்டோம். பதினஞ்சு வருஷத்துக்கு ஒருக்காதான் இப்படி அமையும். இனிமே கொஞ்சம் கொஞ்சமா விரியும். 2032 வாக்குல வந்து பாரு, தட்டு நல்லாச் சாய்ஞ்சிருக்கும்." பையன் தட்டை வாங்கித் தானே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். மறுபடி வரிசையில் போய் நின்றான்.

அப்புறம் வியாழன். இதற்குத்தான் பெரிய கூட்டம், அரை மணிக்குமேல் நின்றோம். வியாழனிலிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேர அன்றைக்குச் சுமார் 35 நிமிடம் ஆனதாம், நாங்கள் வரிசைக்கு வந்தபோது புறப்பட்ட வெளிச்சத்தைத்தான் பார்த்தோம் என்று அம்மாவிடம் சொன்னேன். பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விட்டார்கள். இதை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதல் சில நொடியில் ஒரு வெளிச்ச வட்டுதான் தெரியும். காற்று அடங்குகிற ஒரு கணத்தில் சட்டென்று குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரிந்து மறையும். அந்தக் கணம் வருகிறவரை ஆளை நிற்க விட்டால்தான் அது கிடைக்கும். பக்கத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நிலாக்கள், பொடிப் பொடியாக. கலீலியோ 1610 ஜனவரியில் பார்த்தது இவற்றைத்தான். கிளம்புமுன் இன்னொரு தடவை பார்த்தேன், ஒன்று இடம் மாறியிருந்தது. கண்ணால் பார்த்தேன், மாறியிருந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடித்தது, ஆனால் அவள் மனசு வேறிடத்தில் நின்றது. தலைக்கு மேலே கார்த்திகையை அவளே காட்டினாள். கிழக்கே திருவாதிரையையும் கண்டுபிடித்துவிட்டாள். தெற்கே, தென்னந்தோப்புக்கு மேலே தனியாக நின்ற வெள்ளையான ஒன்றைக் காட்டி "அது என்ன?" என்று கேட்டாள். "அகத்தியர், ஆச்சி" என்றாள் வாசலில் டார்ச்சுக்குத் தாள் மாட்டிய பெண். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பெண் அதற்குச் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. கும்பிட்டு முடிக்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்: வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது, 310 ஒளியாண்டு தூரம், விடியுமுன் தென்மேற்கே நம் மலைத்தொடர் பக்கமாகத்தான் இறங்கும். பொதிகையில் அகத்தியர் இருக்கிறார் என்று கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு, அவர் அந்தப் பக்கமாகவே இறங்குகிறார் என்பதைக் கேட்டதும் முகத்தில் வந்த நிறைவை நான் ஒளிப்படமாக எடுக்க முடியவில்லை. போன் பைக்குள் இருந்தது, நல்லது.

துருவ நட்சத்திரத்தைக் கேட்டேன். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் பத்து பாகை, நம் ஊரில் துருவன் அடிவானத்திலிருந்து ஒரு முட்டிகூட உயராது, ஏறக்குறைய ஒன்பது பாகைதான், பனைமரமே மறைத்துவிடும் என்றாள். டெல்லியில் அகத்தியர் மிக உயரமாக ஏறும்போதும் அதே ஒன்பது பாகைதானாம். அங்கே துருவன் 28 பாகையில் நிற்பான். அவர்களுக்கு வடக்கு, நமக்குத் தெற்கு. இந்த மண்ணில் பிறந்ததற்கு வானத்தில் நமக்கென்று ஒரு பங்கு இருப்பதை எனக்கு முப்பத்தோரு வயதில் ஒருத்தி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

இதே அம்மாதான் 2010 ஜனவரி 15, கங்கண சூரிய கிரகணத்தன்று எங்களை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கும் தை அமாவாசை. நெல்லைச் சீமை முழுக்க மத்தியானம் ஒரு மணி வாக்கில் சூரியன் வளையமாக நின்றது, பத்து நிமிடம் பக்கம். எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டு இடுக்கு வழியாக விழுகிற வெயில் பொட்டெல்லாம் சிமெண்டுத் தரையில் குட்டிக் குட்டி வளையல்களாக மாறின. நான் பாவாடையை விரித்து அதில் ஏந்திப் பார்த்தேன். ஊசித்துளைப் படம் என்று பின்னால் படித்தேன். அன்றைக்கு ஊரில் இப்படி யாராவது ஒரு தொலைநோக்கியை வைத்து, பாதுகாப்பாக எப்படிப் பார்ப்பது என்று சொல்லியிருந்தால் அம்மாவும் கதவைத் திறந்திருப்பாள் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. வயதானவர்கள் உட்கார நாற்காலி நாலுதான். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், விரித்த ஜமுக்காளம் எட்டரைக்கே நனைந்துபோனது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏறி நின்று பார்க்க ஒரே ஒரு ஸ்டூல், அதுவும் ஆடியது. கழிப்பறைக்குப் போகிற வழியில் சிவப்பு விளக்கு ஒன்று வைத்திருக்கலாம். மைக்கில் பேசியவர் ராசி, நட்சத்திரம் வேறுபாட்டை அரை மணி நேரம் விளக்கினார், நல்ல பேச்சுதான், ஆனால் மேலே வானம் திறந்து கிடக்கும்போது அதில் பாதி போதும். கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பிக்கு மட்டும் குறையே சொல்ல முடியாது. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்கள் ஒரு ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் ஸ்டூலும் எடுத்துப் போங்கள்.

அம்மாவுக்கு ஒரு குறை தனியாக இருந்தது. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொன்னபோது பகல் பத்து மணி. அவள் பார்த்தது பந்தல் ஓலையை. அருந்ததியைக் காட்டச் சொன்னாள். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டர் பக்கத்தில்தான் இருக்கிறாள், ஆனால் தை ஆரம்பத்தில் ராத்திரி பதினொரு மணிக்குமேல்தான் வடகிழக்கே எழுவாள் என்றார்கள். நிகழ்ச்சி பத்துக்கே முடிந்துவிட்டது. சித்திரையில் நடத்தினால் ராத்திரி ஒன்பதுக்கே வடக்கே அருந்ததியும் தெற்கே திரிசங்கு என்கிற தென்சிலுவைக் கூட்டமும் ஒன்றாகத் தெரியும், அப்போது வாருங்கள் ஆச்சி என்று பேரையும் நம்பரையும் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். ஒரு மணி இருக்கும், அம்மா எழுப்பினாள். "ஏட்டி, மச்சுக்கு வா." மொட்டை மாடியில் தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம், எதிர்வீட்டுக் கூரைக்குமேல் ஏழும் வரிசையாக நின்றன. அகப்பை மாதிரி இருக்கிற அந்த வடிவத்தின் கைப்பிடியில் கடைசிக்கு முந்தின வசிட்டரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றுதான் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

"ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு நிக்குல்லா" என்றாள்.